படித்ததைப் பகிர்வோம்

ஒருவரைப் பார்த்து மற்றொருவர், இன்ன நூலை நீர் படித்ததுண்டா என்று கேட்பது மிகச் சிறிய கேள்வி. ஆயினும் அத்தகைய கேள்வி ஒன்று தமிழ் இலக்கிய வரலாற்றின் போக்கையே மாற்றியது. 1880ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அது நிகழ்ந்தது. கும்பகோணம் கல்லூரியில் அவ்வாண்டுதான் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையர், அந்நகருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் பாடங் கேட்டிருக்கிறீர்கள் என்று முதலியார் வினவினார். ஐயர் தாம் பயின்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் உலாக்களையும் கோவைகளையும் புராணங்களையும் வரிசையாக அடுக்கினார். முதலியார் வியப்படையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டார். அவற்றுள் ஒன்றையும் ஐயர் படித்திருக்கவில்லை.

முதலியார் கேள்வியோடு நின்றுவிடவில்லை. சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைத் தேடிக் கொடுத்து, அதைப் படிக்குமாறு தூண்டினார். ஐயர் படித்தார். விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணப் பெரியோர்களிடம் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணி அச்சாயிற்று. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. இன்று பள்ளிச் சிறுவனும் பெயர் சொல்லும் அந்நூல்கள் நம் கைக்கு வந்த வழியில், படித்த ஒருவர் மற்றொருவர்க்குப் பரிந்துரைத்த அச்செயலும் நிற்கிறது. இவ்வரலாற்றை ஐயரே தம் 'என் சரித்திரம்' என்னும் நூலில் எழுதியிருக்கிறார். 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் தொடராக வந்த நூல் அது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்தார் ஒவ்வொருவரும் படிக்கத்தக்கது. ஏனெனில், வறுமையிலும் அலைச்சலிலும் கல்வியைக் கைவிடாத ஒரு குடும்பத்தின் கதையும் அதுவே.

பெரும் புலவர்களுக்கன்றோ இது பொருந்தும், சுரங்கத் தொழிலாளரின் மக்களாகிய நமக்கு என்ன என்று அன்பர்கள் சிலர் எண்ணலாம். அவ்வெண்ணம் நம் ஊரின் வரலாற்றை அறியாமையால் வருவது. அதனைச் சிறிது நினைவூட்டுவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

தங்கவயலின் புத்தகசாலை

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார்ப் பகுதியில் தங்கம் எடுக்கும் பணியை மேற்கொண்ட பின்னர், வட ஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கூட்டங் கூட்டமாக இங்கு வந்தனர். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என்னும் நான்கு சுரங்கங்களும் அவர்களுடைய உழைப்பால் பூமிக்குள் இறங்கின. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழம் கண்டது. வெப்பத்திலும் தூசியிலும் பாறைச் சரிவிலும் உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களுள் பெரும்பாலோர் பள்ளிக்கூடத்தின் வாயிலைக் கண்டதில்லை. சாதியின் பெயரால் அவ்வாயில் அடைக்கப்பட்டிருந்தவர்களும் அவர்களுள் மிகப் பலர்.

அத்தகைய மக்கள் செய்தது என்ன? 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டிற்குப் பின் அது 'தமிழன்' எனப் பெயர் கொண்டது. அவ்விதழைத் தாங்கி நின்றவர்களுள் தங்கவயல் மக்கள் முதன்மையானவர்கள். பண்டிதர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தழைத்தன. இங்கிருந்து சந்தா சென்றது, செய்தி சென்றது, கேள்விக் கடிதங்கள் சென்றன. பண்டிதர் அவற்றிற்கு இதழிலேயே விடையிறுத்தார். 1914ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். பின்னர் 1926ஆம் ஆண்டு முதல் அந்தத் 'தமிழன்' இதழே கோலார் தங்கவயலிலிருந்து வெளிவரலாயிற்று. ஜி. அப்பாதுரையார் அதன் ஆசிரியராக விளங்கினார். 'புத்தர் அருளறம்' என்னும் நூலை எழுதியவரும் அவரே. சித்தார்த்த புத்தகசாலை என்னும் பெயரால் இங்கு ஒரு பதிப்பகமும் நடந்தது. அயோத்திதாசரின் எழுத்துகள் சிறு சிறு வெளியீடுகளாக அதன் வழியே மக்களைச் சேர்ந்தன.

எழுதப் படிக்கத் தெரிந்தோர் சிலராயிருந்த காலம் அது. அக்காலத்துப் பத்திரிகைகள் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சூழ்ந்து கேட்கும் முறையிலேயே பரவின. ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்பதில்லை. ஒரு பிரதிக்கு ஒரு லைன் வாசகர் எனலாம். கேட்டவர் அடுத்த வீட்டாருக்குச் சொன்னார். படித்ததைப் பகிர்தல் என்பது நமக்குப் புதிதாக வந்த நாகரிகம் அன்று. நம் பாட்டன்மார் வளர்த்த பழக்கமே.

இதன் தொடர்ச்சியையும் சொல்லுதல் வேண்டும். 'தமிழன்' இதழின் பழைய பிரதிகள் பெரும்பாலும் அழிந்தன. அன்பு பொன்னோவியம் போன்ற அன்பர்கள் கிடைத்தவற்றைப் போற்றிக் காத்தனர். அவ்வாறு எஞ்சியவற்றைத் திரட்டி ஞான. அலாய்சியஸ் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று தொகுத்தார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999ஆம் ஆண்டில் முதல் இரு தொகுதிகளை வெளியிட்டது. அதன் பின்னரே தமிழ்நாட்டு அறிஞர்கள் அயோத்திதாசரைப் பற்றி விரிவாகப் பேசத் தொடங்கினர். ஏழை வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய தாள்கள் ஒரு நாட்டின் சிந்தனை வரலாற்றைத் திருத்தி எழுதச் செய்தன.

இன்றைய நிலை

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. சங்கு ஓய்ந்தது. சயனைடு மலைகள் மட்டும் நின்றன. அன்று முதல் நம் குடும்பங்கள் மறுமுறையும் புலம்பெயரும் குடும்பங்கள் ஆயின. சிலர் பெங்களூரில் குடியேறினர். சிலர் ஓசூருக்கும் சென்னைக்கும் சென்றனர். எஞ்சியோர் இங்கிருந்தபடியே நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் சென்று மீள்கின்றனர். நம் பிள்ளைகள் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கற்கின்றனர். கற்பது நன்றே, இந்நாட்டில் வாழ்வதற்கு அவை இன்றியமையாதவை. ஆனால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தமிழ் எழுத்தைக் கண்டால் விழிக்கிறது. பாட்டி கொடுத்த தாளை வாங்கிப் பேரன் திருப்பித் தருகிறான். பேச்சு இருக்கிறது; படிப்பு இல்லை. ஒரு தலைமுறை இவ்வாறு கழியுமாயின், அடுத்த தலைமுறையில் பேச்சும் தேயும் என்பதை எவரும் உரைக்க வேண்டுவதில்லை.

வீடு மாறும்போது முதலில் எடைக்குப் போவது புத்தகம். பித்தளைக் குடத்தைப் பொதிந்து எடுத்துச் செல்கிறோம். தாத்தாவின் பெட்டியிலிருந்த அச்சுத் தாள்களைப் பழைய காகிதக்காரரிடம் கொடுத்து விடுகிறோம். அத்தாள்களுள் ஒன்று 'தமிழன்' இதழாகவோ சித்தார்த்த புத்தகசாலை வெளியீடாகவோ இருக்கலாம். ஆகவே அன்பர்களை முதற்கண் வேண்டுவது இதுதான்: பழந்தாள் எதுவாயினும், முகப்பைப் படித்துப் பாராமல் கொடுத்து விடாதீர்கள். படிக்க இயலாவிடில் படிக்கத் தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள்.

எதைப் படிப்பது?

நேரம் இல்லை என்பது பலரும் சொல்லும் விடை. ரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு நேரக் கணக்கு நன்கு தெரியும். மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் செல்ல ஏறத்தாழ இரண்டு மணி. மீள இரண்டு மணி. திங்களில் 25 நாள் வேலை எனக் கொண்டால் 100 மணி நேரம் ரயிலிலேயே கழிகிறது. 200 பக்க நூல் ஒன்றை ஏழெட்டு மணியில் படித்து முடிக்கலாம். உறக்கத்திற்கும் சீட்டாட்டத்திற்கும் பாதியைக் கொடுத்துவிட்டாலும், மீதிப் பாதியில் திங்களுக்கு ஐந்தாறு நூல்கள் படிக்க இடமுண்டு. ஒன்று படித்தாலும் ஆண்டிற்குப் பன்னிரண்டு.

புதிதாகப் படிக்கத் தொடங்குவோர் மு. வரதராசனாரின் கடித நூல்களை எடுக்கலாம். 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' என நான்கு சிறு நூல்கள். நடை தெளிந்த நீரோட்டம் போன்றது. நம் முன்னோரின் வட ஆற்காட்டு மண்ணில் பிறந்து, திருப்பத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து, பின் தாமே பயின்று பேராசிரியராகவும் துணைவேந்தராகவும் உயர்ந்தவர் அவர். அவருடைய 'திருக்குறள் தெளிவுரை' 1949ஆம் ஆண்டு முதல் இன்றுவரை தமிழர் வீடுகளில் இருந்துவரும் கையடக்க நூல்.

நம்மைப் போல் ஊர் விட்டுச் சென்ற தமிழரின் கதைகளை அடுத்துப் படித்தல் நலம். புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போன மருதி என்னும் பெண்ணின் கதை. படிப்பவர் நெஞ்சு கனக்கும். எனினும் படிக்க வேண்டும். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணி செய்த பி. எச். டேனியல் 1969ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை, இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் தமிழாக்கினார். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் காட்சியைப் படிக்கும்போது, நம் பாட்டனார் வந்த வழியும் கண்முன் தோன்றும். மலேயா ரப்பர்த் தோட்டத் தமிழரைப் பற்றி அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே'யும் இவ்வகையைச் சேர்ந்ததே.

சற்று முதிர்ந்த வாசகர்க்கு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடானிலும் பினாங்கிலும் வாழ்ந்த தமிழரைப் பற்றியது. சிங்காரமே இளமையில் மெடானில் வேலை செய்தவர். முதல் சில பக்கங்கள் தடுமாறச் செய்யும். கைவிடாது தொடர்ந்தால் பிறகு நூல் உங்களைக் கைவிடாது. அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' ரயில்வேக் குடும்பத்தார்க்குச் சிறப்பாக உரியது. நிஜாம் ஆட்சி முடியும் காலத்துச் செகந்தராபாத்தில், ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன் காண்பதே கதை. பிற மொழியினரிடையே சிறு கூட்டமாக வாழும் தமிழ்க் குடும்பத்தின் அச்சமும் நட்பும் அதில் உள்ளபடியே காணப்படும். நாஞ்சில்நாடனின் 'மிதவை' வேலை தேடிப் பம்பாய் சென்ற இளைஞனின் கதை. இன்று வெளியூரில் தங்கி உழைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகட்கு அதை அனுப்பி வையுங்கள்.

அடுத்த வீட்டாரின் நூல்கள்

கன்னட நாட்டில் வாழும் நாம் கன்னட இலக்கியத்தை அறியாதிருத்தல் தகாது. நம் கோலார் மாவட்டத்திலேயே பிறந்தவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். தமிழ் பேசும் குடும்பத்திற் பிறந்து கன்னடத்தில் எழுதிப் புகழ் பெற்றவர். குடகின் கடைசி அரசனைப் பற்றிய 'சிக்கவீர ராஜேந்திரன்' நாவலுக்காக 1983ஆம் ஆண்டின் ஞானபீடப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அந்நூல் தமிழிலும் உண்டு. சித்தலிங்கையாவின் தன்வரலாறாகிய 'ஊரும் சேரியும்' பாவண்ணன் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. துயரத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லும் நூல் அது. எஸ். எல். பைரப்பாவின் 'பருவம்' என்னும் பெருநூலையும் பாவண்ணனே தமிழில் தந்திருக்கிறார். கன்னடம் கற்கும் பிள்ளை மூலத்தையும், தமிழ் படிக்கும் தந்தை மொழிபெயர்ப்பையும் ஒரே திங்களில் படித்து, இரவு உணவின்போது உரையாடினால் அது எத்துணை இன்பம்! பிள்ளை தந்தைக்கு ஆசிரியனாகும். தந்தை பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் தருவார்.

சிறுவர்க்கு அழ. வள்ளியப்பாவின் பாடல்களை விடச் சிறந்த தொடக்கம் இல்லை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே வாழ்நாள் முழுதும் குழந்தைகட்கு எழுதியவர் அவர். அவருடைய 'மலரும் உள்ளம்' 1954இல் வெளிவந்தது. முதலில் பாடிக் காட்டுங்கள். பாட்டு மனத்தில் நின்ற பின் எழுத்தைக் காட்டுங்கள். தெரிந்த பாட்டின் எழுத்தைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும். அகரவரிசையை அச்சுறுத்தி ஏற்றுவதினும் இவ்வழி எளிது.

எவ்வாறு பரிந்துரைப்பது?

நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் தம் ஐந்து விதிகளை 1931ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுக்குரிய நூல் ஒன்று உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது அவற்றின் உட்கருத்து. அவ்வாண்டிலேயே மன்னார்குடிக்கு அருகே எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமந்தோறும் அனுப்பினார். வாசகர் வரும்வரை காத்திராமல் நூலே வாசகரைத் தேடிச் சென்றது. ரங்கநாதன் தம் இறுதிக் காலத்தைப் பெங்களூரில் கழித்தார். 1962இல் அங்கு நூலகப் பயிற்சி மையம் ஒன்றையும் நிறுவினார்.

அவர் காட்டிய நெறி நம் சிறு வட்டத்திற்கும் பொருந்தும். நமக்குப் பிடித்த நூல் எல்லார்க்கும் பிடிக்கும் என்று எண்ணுதல் கூடாது. சுரங்கத்தில் மகனை இழந்த தாய்க்குத் துயரக் கதையைக் கொடுத்தல் அன்பாகாது. கணக்குப் பாடத்தில் திணறும் சிறுவனுக்குத் தடித்த காவியத்தைக் கொடுத்தால் அவன் தமிழையே வெறுப்பான். ஆளை அறிந்து நூலைச் சொல்லுதல் வேண்டும். கதையின் முடிவைச் சொல்லிவிடுதல் கூடாது. எந்த இடம் நம்மை நிறுத்தி வைத்ததோ அதனை மட்டும் சொன்னால் போதும். மிகச் சிறந்த நூல் என்ற வெறும் புகழ்ச்சி எவரையும் படிக்கத் தூண்டாது.

இரவல் கொடுப்போரும் வாங்குவோரும் ஒழுங்கைக் காத்தல் வேண்டும். கொடுத்த நாளையும் வாங்கியவர் பெயரையும் ஒரு சிறு ஏட்டிற் குறியுங்கள். ஒரு திங்களில் திருப்புங்கள். பக்கத்தை மடிக்க வேண்டாம். ரயில் சீட்டையோ வாழ்த்து மடலையோ அடையாளமாக வையுங்கள். திரும்பி வந்த நூலை உடனே அடுத்தவர்க்குக் கொடுங்கள்.

விலை கொடுத்து வாங்க இயலாதோர் தயங்க வேண்டுவதில்லை. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களையும் பிற்கால நூல்கள் பலவற்றையும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய அச்சு நூல்கள் பல உள. கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. பிள்ளைகளிடம் சொன்னால் நொடியில் எடுத்துத் தருவர். பெங்களூர் செல்வோர்க்கு அல்சூர் ஏரியருகே 1950ஆம் ஆண்டில் தொடங்கிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள்

நம் சங்கத்தைச் சேர்ந்த ஒவ்வொரு குடும்பமும் திங்களுக்கு ஒரு நூலின் பெயரை இவ்விதழுக்கு எழுதி அனுப்புக. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், படித்தவர் யார், யாருக்கு அது ஏற்றது, ஏன் பிடித்தது என ஐந்தாறு வரிகள் போதும். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலற்க, திருத்திக் கொள்ளலாம். தாய்மார்கள் அவசியம் எழுத வேண்டும். எழுதப் பழக்கமில்லாத பெரியவர்கள் சொல்லச் சொல்லப் பேரப் பிள்ளைகள் எழுதட்டும். தமிழில் எழுதத் தெரியாத பேரனாயின், இவ்வேலையே அவனுக்கு முதற் பாடம் ஆகும். பாட்டி ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லட்டும். அவன் ஒரு வரி எழுதட்டும். அவ்வொரு வரியையும் நாம் மகிழ்ந்து ஏற்போம்.

பழைய 'தமிழன்' இதழோ, சித்தார்த்த புத்தகசாலை வெளியீடோ, தங்கவயலில் அச்சான வேறு எந்தத் துண்டறிக்கையோ எவர் வீட்டிலேனும் இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். தாளை எங்களிடம் தர வேண்டுவதில்லை. உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். படம் பிடித்துக்கொண்டு உடனே திருப்பித் தருவோம். அதனைப் படித்துக் காட்டச் சொல்லி உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

இத்திங்கள் நம் பங்கிற்கு 'பதினெட்டாவது அட்சக்கோடு' நூலை முன்வைக்கிறோம். நம்மிடமுள்ள பிரதி நந்திதுர்க் பகுதி அன்பர் யார் கேட்பினும் முதலில் கேட்பவர்க்குக் கிடைக்கும். அடுத்த இதழில் உங்கள் நூல்களின் பெயர்களை எதிர்பார்க்கிறோம்.